காற்றை உந்தும் காந்தம்

மண்டைக்காட்டுக் கடற்கரையில் அலை ஒதுங்கிய இடங்களிலே கருமணல் படிந்திருப்பதை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். அடுத்துள்ள மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் அம்மணலைக் காந்தத்தாலும் உயர் மின்னழுத்தத்தாலும் இல்மனைட், சிர்க்கான், மோனசைட் எனப் பிரித்தெடுக்கின்றனர். மணலைப் பிரிக்கும் அவ்விரு ஆற்றல்களுமே காற்றையும் உந்தித் தள்ள வல்லன.

காற்றை ஏன் தள்ள வேண்டும்? பூமியைச் சுற்றிவிட்டுத் திரும்பும் விண்கலம் நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்துள் புகுகிறது. உள்ளே மனிதர் அமர்ந்திருப்பாராயின், அதன் வெப்பக் காப்பைத் தரையிலேயே சோதித்துவிட வேண்டுமன்றோ? கலத்தின் மாதிரியை அசையாது நிறுத்தி, அதன்மேல் காற்றைப் பாய்ச்சும் கருவியே காற்றுச் சுரங்கம். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2017ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சுரங்கம் ஒலியைப்போல் 6 முதல் 12 மடங்கு வேகம் தருவது. ஆனால் இந்த 'மடங்கு'க் கணக்கு மாணவரை எளிதில் ஏமாற்றிவிடும். விரிந்து குளிர்ந்த காற்றில் ஒலியே மெல்லச் செல்லும். ஆகவே 12 மடங்கு எனினும் விண்கலத்தின் வேகத்தை அது எட்டாது.

காற்றை முன்னரே சூடாக்கினால் என்ன? ஒரு கிலோ காற்றுக்கு 8 கிலோமீட்டர் வேகம் தர 3 கோடியே 20 இலட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும்! அவ்வளவையும் வெப்பமாக ஊட்டினால் குழாயின் குறுகிய கழுத்து உருகும்; காற்றின் மூலக்கூறுகளே பிளவுறும்.

ஆதலின், கழுத்தைக் கடந்த பின்னரே காற்றை உந்துவது நன்று. சூடான காற்றில் சிறிது பொட்டாசியம் உப்பைத் தூவினால் அது மின்சாரத்தைக் கடத்தும் பிளாஸ்மாவாகிறது. குறுக்கே மின்னோட்டத்தையும், அதற்குச் செங்குத்தாகக் காந்தப் புலத்தையும் செலுத்தினால் வாயு முன்னோக்கித் தள்ளப்படுகிறது. பள்ளியில் உருப்போடும் ஃபிளெமிங்கின் இடக்கை விதிதான் இது. நாம் அதை மோட்டாரோடு நிறுத்திவிடுகிறோம். அமெரிக்காவின் லாங்லி ஆய்வு நிலையத்தில் 1960களில் இவ்வகை முடுக்கியை அமைத்தார்கள்.

இதன் மறுதலை நம் திருச்சிராப்பள்ளியிலேயே நடந்தது. பாரத மிகுமின் நிறுவனமும் பாபா அணு ஆராய்ச்சி மையமும் 1980களில் நிலக்கரியிலிருந்து பெற்ற வாயுவை எரித்து, காந்தத்தின் ஊடே பாய்ச்சி மின்சாரம் எடுக்க முயன்றன. அது வணிகத்துக்கு வரவில்லை; வீண் முயற்சி என்று மட்டும் நான் ஒப்பேன்.

முடுக்கியிலும் இடர்கள் உண்டு. மின்வாய்கள் அரிக்கப்படுகின்றன, நம் மணலில் உள்ள சிர்க்கானிலிருந்து கிடைக்கும் சிர்க்கோனியாவும் அவ்வெப்பத்தைத் தாங்க ஆராயப்பட்ட பொருளே. அன்றியும், பொட்டாசியம் கலந்த காற்று விண்கலம் சந்திக்கும் தூய காற்றன்று. ஆகவே வெப்பக் காப்புச் சோதனைகள் பெரும்பாலும் மின்வில்லால் காற்றைச் சூடாக்கும் சுரங்கங்களிலேயே நடைபெற்று வருகின்றன.