படப் புதிரும் 'பிறவி அறிவு'ம்



காரைக்கால் பக்கம் எங்கள் தெருவில் மாலைநேரப் பாடசாலை நடத்துகிறோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை நவோதயா நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்வது என் பொறுப்பு. மொத்தம் 80 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் 40 கேள்விகளும் பாதி மதிப்பெண்ணும் படப் புதிர்களுக்கே. அந்தப் பகுதிக்கு 'மனத்திறன்' என்று பெயர்.

முதல் நாள் ஒரு சிறுமி தாளைத் திருப்பித் தந்துவிட்டாள். "இதெல்லாம் மூளை உள்ளவங்களுக்குண்ணா. நமக்கு வராதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க" என்றாள். பத்து வயதுக் குழந்தை சொல்லும் அந்த 'நமக்கு'க்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

புதிரைப் பாருங்கள். முதல் படத்தில் அம்பு மேலே பார்க்கிறது, இரண்டாவதில் வலப்பக்கம். மூன்றாவதில் ஒரு கொடி. நான்காவது என்ன? நான் சொல்லித் தந்தது இவ்வளவுதான்: விடைகளைக் கையால் மூடு. முதல் படம் இரண்டாவதாக மாற என்ன நடந்தது என்று வாய்விட்டுச் சொல். திரும்பியதா, எண்ணிக்கை கூடியதா, கறுப்பு வெள்ளையானதா, உள்ளே இருந்தது வெளியே வந்ததா? அதையே மூன்றாவதற்குச் செய். பிறகு கையை எடு. திருப்புவது பிடிபடாதவர்களுக்கு அட்டையில் வெட்டிக் கொடுத்தோம். ஒரு மாதத்தில் அதே சிறுமி மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறாள்.

மாதத்தில் கற்றுத் தரக்கூடியது எப்படிப் பிறவி அறிவாகும்? ஜேம்ஸ் ஃபிளின் 1987இல் 14 நாடுகளின் நுண்ணறிவுத் தேர்வு முடிவுகளை ஒப்பிட்டார். ஒரே தலைமுறையில் மதிப்பெண்கள் வெகுவாக உயர்ந்திருந்தன. பாடம் படிக்காமலே எழுதலாம் என்று நம்பப்பட்ட படப் புதிர்களில்தான் உயர்வு அதிகம். ஒரு தலைமுறையில் ரத்தம் மாறிவிடாது, வாழ்நிலை மாறும். 'தகுதி' பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

"தேர்வுக்குத் தயார் செய்வதே அதை ஏற்பதாகாதா?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு நவோதயா பள்ளியின் ஆறாம் வகுப்பில் அதிகபட்சம் 80 இடங்கள். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கிடைக்காது. நல்ல பள்ளியைச் சிலருக்கு மட்டும் வைத்திருக்கும் ஏற்பாட்டின் குற்றம் அது, உங்கள் குற்றமல்ல என்று தேர்வுக்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிடுகிறோம். எல்லோருக்கும் நல்ல பள்ளி கேட்டுப் போராடுவோம். அதுவரை இந்த வருடத்துப் பிள்ளைகளைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

உங்கள் தெருவுக்கு வாரம் இரண்டு மாலை கொடுங்கள். அட்டையும் கத்தரிக்கோலும் போதும். அந்தச் சிறுமி போன வாரம் கேட்டாள்: "இவ்ளோதானாண்ணா? இத முன்னாடியே யாராச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

ஜெய்பீம்.