ஓராண்டு மருந்தும் உடல் எடைக் கணக்கும்

"இந்த மருந்தை ஓராண்டு போட்டுக்கொண்டால் எனக்கு எத்தனை கிலோ குறையும்?" உடற்பருமனுக்காக வைத்தியரை நாடுவோர் பலர் இன்று கேட்கும் கேள்வி இது. பணமும் காலமும் செலவிட முற்படுகிறவர் பலனை முன்கூட்டியே அறிய விரும்புவது நியாயமே. அந்தக் கணக்கை எவ்வாறு போடுவது என்பதைச் சற்று ஆராய்வோம்.

செமாக்ளூடைட் என்னும் மருந்தை உதாரணமாகக் கொள்வோம். நாம் உண்டபின் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனை ஒத்தது அது. வாரம் ஒரு முறை ஊசி வழியே செலுத்தினால் பசி தணியும். சிறிதளவு உணவிலேயே வயிறு நிறைந்துவிடும். 2021-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியில், நீரிழிவு இல்லாத 1,961 பேர் 68 வாரங்கள் கவனிக்கப்பட்டனர். மூவரில் இருவருக்கு மருந்தும், ஒருவருக்கு மருந்தில்லா வெறும் ஊசியும் போடப்பட்டன. உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் எல்லோருக்கும் பொது. முடிவில் மருந்து பெற்றவர்களின் எடை சராசரியாக 14.9 சதவிகிதம் குறைந்தது, மற்றவர்களுக்கு 2.4 சதவிகிதமே குறைந்தது.

இதைக் கேட்டதும் 90 கிலோ எடையுள்ள ஒருவர், "எனக்குப் பதின்மூன்று கிலோ நிச்சயம்" என்று முடிவு கட்டிவிடக்கூடும். ஆனால் சராசரி என்பது கூட்டத்துக்கு உரியது. மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு 20 சதவிகிதமோ அதற்கு மேலுமோ குறைந்தது. ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கோ 5 சதவிகிதம்கூடக் குறையவில்லை. நம் 90 கிலோ அன்பர் 18 கிலோ இழக்கவும் கூடும். நாலரைக் கிலோ இழக்காமல் நிற்கவும் கூடும்.

முதல் மாதத்துக் குறைவைப் பன்னிரண்டால் பெருக்குவதும் பயன் தராது. மருந்தின் அளவு சிறிதாகத் தொடங்கி, சுமார் நான்கு மாதங்களில் படிப்படியாக உயர்த்தப்படுகிறது. பின்னர், உடல் இளைக்க இளைக்க அது செலவழிக்கும் சக்தியும் குறைகிறது. பசியும் மீண்டும் தலைதூக்குகிறது. எனவே எடை முதலில் விரைந்து இறங்கி, பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்து, ஓராண்டை ஒட்டி ஒரு நிலையில் நின்றுவிடுகிறது. அப்படி நிற்பதைக் கண்டு, மருந்து பயனற்றுப் போயிற்று என்று எண்ண வேண்டுவதில்லை.

ஆளுக்கு ஆள் வேறுபாடும் உண்டு. நீரிழிவு உள்ளவர்களிடம் அதே 2021-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில் சராசரிக் குறைவு 9.6 சதவிகிதமே. பெண்களுக்கு ஆண்களைவிடச் சற்று அதிகமாகக் குறைகிறது. குமட்டல், வாந்தி காரணமாக முழு அளவை எட்ட முடியாதவர்களும் உண்டு. ஆகையால் தொடக்கத்தில் சொல்லும் எண்ணைவிட, முதல் நான்கைந்து மாதங்களில் நம் உடலே காட்டும் பலன் நம்பத்தக்க வழிகாட்டியாகும்.

இன்னொன்றையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். அந்த முதல் ஆராய்ச்சியில் பங்குகொண்டோரில் ஒரு பகுதியினரை, மருந்தை நிறுத்தியபின் ஓராண்டு கவனித்தார்கள். இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு அவர்களிடம் திரும்பிவிட்டதென 2022-இல் தெரியவந்தது. ஓராண்டோடு கதை முடிந்துவிடும் என்று எண்ணி மருந்தைத் தொடங்குவோர் இதை முதலிலேயே அறிந்திருத்தல் நலம்.

ஆகவே வைத்தியரிடம், "எத்தனை கிலோ?" என்பதோடு நில்லாமல், "குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு? பலன் இல்லையென்று எப்போது முடிவு செய்வது? ஓராண்டுக்குப் பின் என்ன செய்வது?" என்றும் கேளுங்கள். தராசு காட்டும் எண்ணோடு இரத்த அழுத்தம், சர்க்கரை, இடுப்பளவு ஆகியவற்றையும் குறித்து வாருங்கள். இளைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைவதால், புரதம் மிகுந்த உணவையும் உடற்பயிற்சியையும் கைவிடாதீர்கள். அண்டை வீட்டாருக்கு இத்தனை கிலோ குறைந்தது என்ற செய்தியை நம்பி, வைத்தியரின் சீட்டின்றி மருந்தை வாங்காதீர்கள். அவர் உடலின் கணக்கு வேறு. உங்கள் உடலின் கணக்கு வேறு.