குப்பைமேனியின் சிவப்புத் தங்கை

பூக்காத செடிக்கு எதற்குத் தண்ணீர் என்று கேட்கிறவர்கள் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறார்கள். சாமிக்கு வைக்க நாலு பூ, தலைக்கு வைக்க ஒரு முழம், அதுவும் இல்லையென்றால் ரசத்துக்குக் கிள்ள ஒரு கொத்துக் கறிவேப்பிலை. இதில் எதற்கும் உதவாத செடியை ‘ஷோ செடி’ என்று ஒதுக்கிவிடுவோம். ஆனால் அதே வீட்டார் புடவை எடுக்கப் போனால் மாந்தளிர் நிறம் இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். அது பூவின் நிறமா என்ன? இலையின் நிறம்தானே! இலையில் நிறம் பார்க்கிற கண் நமக்கு எப்போதும் உண்டு. தோட்டத்துக்குள் நுழையும்போதுதான் அதை மூடிக்கொள்கிறோம்.

குரோட்டன்ஸ், கோலியஸ், கலாடியம், அகாலிஃபா. நிற இலைச் செடிகளின் பெயர்களைக் கேட்டாலே வெளியூர் வாடை அடிக்கும். பெரும்பாலானவை கடல் கடந்து வந்தவைதான். ஆனாலும் இவற்றில் அநேகமாக ஒவ்வொன்றுக்கும் நம் வேலியோரத்திலோ கீரைப் பாத்தியிலோ ஒரு நெருங்கிய சொந்தம் இருக்கிறது. அந்தச் சொந்தத்தைக் கண்டுபிடித்துவிட்டால் செடியின் குணம் பாதி பிடிபட்டுவிடும் என்பது என் கட்சி.

முதலில் நிறத்தைப் பற்றிக் கொஞ்சம். இலைக்குப் பச்சை நிறம் பச்சையத்தால் வருகிறது. மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் காரணம் கரோட்டினாய்டுகள். இவை எல்லாப் பச்சை இலைக்குள்ளும் உண்டு, பச்சையம் மேலே மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. சிவப்பும் ஊதாவும் பெரும்பாலான செடிகளில் ஆந்தோசயனின் என்ற பொருளால் வருகின்றன. மாந்தளிரில் இருப்பதும் அதுவே. பிஞ்சு இலைக்குக் கடும் வெயிலைத் தாங்கும் பக்குவம் வந்திருக்காது. அதுவரை இந்தச் சிவப்பு ஒரு திரைபோல நின்று வெளிச்சத்தின் உக்கிரத்தைக் குறைக்கிறது. இலை முற்றிப் பச்சையம் ஏறியதும் சிவப்பு வடிந்துவிடும். தோட்டக்காரர்கள் தேடிப் பிடித்துப் பெருக்கிய செடிகளிலோ அந்தச் சிவப்பு முற்றிய பிறகும் வடியாமல் நிற்கிறது.

வெள்ளையின் கதை வேறு. இலையில் வெள்ளையாகத் தெரியும் இடத்தில் பச்சையமே இல்லை. அந்தப் பகுதி உணவு தயாரிக்காது, பக்கத்திலிருக்கும் பச்சைதான் அதற்கும் சேர்த்து உழைக்க வேண்டும். வெயிலில் முதலில் கருகுவதும் அந்த வெள்ளைதான். ஆகவே பொதுவாகச் சொன்னால், சிவப்பும் ஆரஞ்சும் வெளிச்சம் கேட்கும், வெள்ளை நிழல் கேட்கும். விதிவிலக்குகள் இருக்கின்றன, வரும்போது சொல்கிறேன்.

அகாலிஃபாவிலிருந்து ஆரம்பிக்கலாம். ரயில் நிலையத்திலும் பள்ளிக்கூட வளாகத்திலும் செம்பு நிறத்தில் ஆளுயர வேலியாக நிற்குமே, அதுதான். பசிபிக் தீவுகளிலிருந்து வந்தது. ஆனால் குப்பைமேட்டில் தானாக முளைத்து, பிடுங்கிப் போட்டால் பூனை வந்து அதன் வேரில் புரளுமே, அந்தக் குப்பைமேனியும் இதுவும் ஒரே பேரினம். அக்காளும் தங்கையும் என்றே சொல்லலாம். தங்கைக்கும் அக்காளின் முரட்டு உடம்புதான். நல்ல வெயில் போதும், மண்ணைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளாது, வெட்டினால் வெட்டிய இடத்தில் இரண்டாகத் துளிர்க்கும். நிழலில் வைத்தால் மட்டும் செம்பு மங்கி, அழுக்குப் பச்சையாகிவிடும். முதல் முறையாக நிற இலைச் செடி வளர்க்கப் போகிறவர்கள், கொஞ்சம் இடமும் இருந்தால், இதையே வையுங்கள். மழைக்காலத்தில் ஒரு குச்சியை ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும்.

அடுத்து குரோட்டன்ஸ். இதற்கு நேரம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இத்தனை வேடம் போடும் செடி வேறு இல்லை. இந்தோனேசியா, மலேசியா, ஆஸ்திரேலியாவின் வட பகுதி, மேற்குப் பசிபிக் தீவுகள் இதன் பிறந்த இடம். இங்கே ஆமணக்கு, மரவள்ளி, நேர்வாளம் எல்லாம் இதன் குடும்பம். அகன்ற இலை, கயிறு மாதிரி ஒடுங்கிய இலை, திருகு திருகாக முறுக்கிய இலை என்று பல வகை உண்டு. ஒரு வகையில் இலை பாதியில் நின்றுபோய், நடுநரம்பு மட்டும் நூலாக நீண்டு, அதன் நுனியில் இன்னொரு குட்டி இலை தொங்கும். பார்த்தால் பூச்சி அரித்ததோ என்று தோன்றும். இல்லை, அதுதான் அதன் இயல்பு. பல வகைகளில் கொழுந்து பச்சையும் மஞ்சளுமாக வந்து, முற்ற முற்றச் சிவப்பேறும். மாமரத்தில் நடப்பதற்கு நேர் எதிர். அதனால் ஒரே செடியில் உச்சியில் மஞ்சளும் அடியில் ரத்தச் சிவப்பும் தெரியும்.

குரோட்டன்ஸ் வாங்கி வந்த ஒரு வாரத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டது என்று வருந்துகிறவர்கள் நிறையப் பேர். செடி சாகவில்லை. இடம் மாறிய அதிர்ச்சியில் இலை உதிர்ப்பது இதன் வழக்கம். உடனே பதறிப்போய் உரத்தைக் கொட்டுவார்கள், நாளுக்கு மூன்று முறை தண்ணீர் ஊற்றுவார்கள், செடி அதனால்தான் சாகும். நர்சரியில் பச்சை வலைக்கு அடியில் வளர்ந்த செடியைக் கொண்டுவந்து நேராகச் சித்திரை வெயிலில் வைத்தால் இலை வெந்துபோகும். முதலில் மர நிழல், பிறகு காலை வெயில் மட்டும், அதற்கப்புறம் திறந்த வெளி என்று இரண்டு மூன்று வாரத்தில் பழக்கினால் போதும். பழகிய பிறகு வெயில் கூடக் கூட நிறமும் கூடும். வெயிலே படாத வரவேற்பறையில் குரோட்டன்ஸை வைத்துவிட்டு நிறம் போய்விட்டதே என்று கேட்பதில் நியாயமில்லை.

இதை விதையிலிருந்தும் வளர்க்கலாம். ஆனால் பிள்ளைகள் தாயைப் போல இருக்காது. அதே நிறம் வேண்டுமென்றால் குச்சி நட வேண்டும், அல்லது விண்பதியம் போட வேண்டும். பென்சில் பருமனுள்ள கிளையில் நுனியிலிருந்து ஒரு அடி கீழே, ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து எடுங்கள். வழவழப்பாக இருக்கும் படலத்தையும் சுரண்டிவிடுங்கள். ஈரமான தேங்காய் நார்க்கழிவை ஒரு பிடி வைத்து, பிளாஸ்டிக் தாளால் சுற்றி, இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுங்கள். மழைக்காலமாக இருந்தால் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் தாளுக்குள் வெள்ளை வேர் தெரியும். அதற்குக் கீழே வெட்டித் தொட்டியில் வைத்துவிடலாம். உரிக்கும்போது வடியும் பால் கையில் பட்டால் சிலருக்குத் தோல் சிவந்து அரிக்கும். துணியில் பட்டால் கறை போகாது.

கோலியஸ் துளசிக் குடும்பம். அதிலும் கற்பூரவள்ளிக்கும், தை மாதத்தில் சந்தைக்கு வரும் சிறுகிழங்குக்கும் உடன்பிறப்பு. தண்டைத் தடவிப் பாருங்கள், துளசியைப் போலவே நாலு பட்டையாக இருக்கும். கற்பூரவள்ளியைப் போலவே ஒடித்து வைத்தால் வேர்விடும். ஒரு டம்ளர் தண்ணீரில் குச்சியைப் போட்டு ஜன்னலோரம் வைத்தாலே போதும். ஆனால் இங்கே உறவை நம்பி ஏமாறக் கூடாத ஓர் இடம் இருக்கிறது. கற்பூரவள்ளி தடித்த இலையில் நீரைச் சேமித்துக்கொள்ளும், இரண்டு நாள் மறந்தாலும் கோபிக்காது. கோலியஸின் இலை மெல்லியது. மத்தியான வெயிலில் தலை தொங்கிவிடும், சாயங்காலம் தண்ணீர் கண்டதும் நிமிரும். காலை வெயில் கிடைக்கும் கிழக்குப் பால்கனி இதற்கென்றே கட்டியது. நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் புதராகும். நீல நிறத்தில் பூங்கதிர் எட்டிப் பார்த்தால் இரக்கமில்லாமல் ஒடித்துவிடுங்கள். பூத்து விதைத்துவிட்டால் செடி ஒடிசலாகிக் களை இழந்துவிடும். பூவை வேண்டாம் என்று கிள்ளி எறியச் சொல்வது கேட்பதற்கு வினோதமாகத்தான் இருக்கும். யூரியா போன்ற தழைச்சத்து உரத்தையும் அள்ளிப் போடாதீர்கள், பச்சை ஏறி மற்ற நிறங்கள் மங்கும்.

கலாடியம் தென் அமெரிக்காவிலிருந்து வந்த சேம்புச் சொந்தம். இதய வடிவ இலை, வெள்ளையில் பச்சை நரம்பு, அல்லது ரோஜா நிறத்தில் சிவப்பு நரம்பு. சேம்பைப் போலவே கிழங்கு, சேம்பைப் போலவே நிழலும் ஈரமும் வேண்டும். மார்கழி, தை வாக்கில் இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்துச் சாய்ந்து, தொட்டி வெறுமையாகிவிடும். செத்துவிட்டது என்று மண்ணோடு கொட்டிவிடுகிறவர்கள் ஏராளம். அது தூங்குகிறது. தண்ணீரை நிறுத்தி, மழையும் வெயிலும் படாத மூலையில் தொட்டியை வைத்துவிடுங்கள். கோடை மழையை ஒட்டி முளை எட்டிப் பார்க்கும். அப்போது கிழங்கைப் பிரித்து, இரண்டு அங்குல ஆழத்தில் நட்டால் ஒரு தொட்டி மூன்றாகும்.

இதே சேம்புக் குடும்பத்தில் அக்லோனிமாவும் உண்டு. சிவப்புக்கு வெயில் வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, அதற்குக் கலாடியத்தைப் போலவே இதுவும் விதிவிலக்கு. சிவப்பு இலை இருந்தும் நிழலில்தான் சிரிக்கும். இந்தோனேசியாவின் கிரெக் ஹம்பாலி ‘பிரைடு ஆஃப் சுமத்ரா’ என்ற சிவப்புக் கலப்பினத்தை உருவாக்கிய பிறகுதான் இந்தச் செடிக்கு இத்தனை மவுசு. விலை சில நேரம் வியக்க வைக்கும். என்னைக் கேட்டால், அந்தப் பணத்தில் பத்து கோலியஸ் வாங்கலாம்.

உதகையில் 1848-இல் உருவான தாவரவியல் பூங்காவைப் போன்ற இடங்களில், புல்வெளி ஓரத்தில் சிவப்பும் பச்சையுமாகக் கோலம் போட்டதுபோல் பாத்திகள் இருக்கும். அப்படிப்பட்ட பாத்திகளுக்குப் பெரிதும் பயன்படும் ஆல்டர்னாந்திரா வேறு யாருமில்லை, நம் பொன்னாங்கண்ணியின் கூட்டம். இதன் சிவப்பு ஆந்தோசயனின் அல்ல, பீட்டாலெயின் என்ற வேறொரு பொருள். பீட்ரூட்டிலும் சிவப்புத் தண்டுக்கீரையிலும் இருப்பது இதுவே. இந்த இரண்டு பொருளும் ஒரே செடியில் சேர்ந்து இருப்பதில்லை. வளர்ப்பதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. வெயிலில் வைத்துக் கத்தரித்துக்கொண்டே இருங்கள்.

மஞ்சள் விளிம்பு போட்ட பாம்புச் செடி, நார் உரிக்கும் மருளின் உறவு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இலையைத் துண்டு துண்டாக வெட்டி நட்டால் முளைக்கும், ஆனால் முளைப்பவை மஞ்சள் விளிம்பு இல்லாத வெறும் பச்சையாக வரும். மஞ்சள் விளிம்பும் பச்சை நடுவும் தனித்தனித் திசுக்கள். வெட்டிய துண்டிலிருந்து புதுச் செடி கிளம்பும்போது அந்த அடுக்கு கலைந்துவிடுகிறது. விளிம்பு வேண்டுமென்றால் பக்கக் கன்றை வேரோடு பிரித்துத்தான் நட வேண்டும். அதே காரணத்தால், வெள்ளையோ மஞ்சளோ கலந்த எந்தச் செடியிலும் முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்பினால் உடனே வெட்டிவிடுங்கள். பச்சை அதிகம் என்பதால் அது வேகமாக வளர்ந்து, நிறக் கிளைகளை அமுக்கிவிடும்.

மண்ணுக்குப் பெரிய சூத்திரம் ஒன்றும் வேண்டாம். செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, மணலோ நார்க்கழிவோ ஒரு பங்கு. நர்சரிச் செடி பிசுபிசுப்பான களிமண் உருண்டையோடு வந்தால், அதை நீரில் ஊறவிட்டு ஓரளவு கரைத்துவிட்டு நடுங்கள். இல்லையென்றால் வேர் அந்த உருண்டையைத் தாண்டி வராது. உப்பான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இலை நுனி கருகும். மழைநீரைப் பிடித்து மாதம் ஒரு முறையாவது தொட்டி வழிய வழிய ஊற்றினால் தேங்கிய உப்பு கழுவிப்போகும். இலைக்காம்பில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. தண்டில் எறும்பு வரிசை ஏறினால் அநேகமாக மேலே ஏதோ ஒரு சாறு உறிஞ்சும் பூச்சி குடியேறியிருக்கிறது என்று பொருள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். கோடையில் குரோட்டன்ஸ் இலை சாம்பல் பூத்தாற்போல் வெளிறினால் சிலந்திப்பேன் வந்திருக்கலாம். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இலையின் அடியைக் கழுவினாலே பாதி ஓடிவிடும்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். கலாடியம், அக்லோனிமா, இங்கே சொல்லாமல் விட்ட அவற்றின் சொந்தமான டிஃபன்பேக்கியா மூன்றிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. பச்சைச் சேம்பு நாக்கை அரிக்கக் காரணமும் இதுவே. சேம்பை வேகவைத்து உண்கிறோம், இவற்றை எப்படியும் உண்ணக் கூடாது. மென்றுவிட்டால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். நிறமான இலை என்றால் குழந்தையின் கை முதலில் அதற்குத்தான் போகும். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த மூன்றையும் எட்டாத உயரத்தில் வையுங்கள், அல்லது பிள்ளை வளரும்வரை தள்ளிப்போடுங்கள்.