ஒரு ஜெராக்ஸ் கடையின் இரவுக் கணக்கு

(நம் நகர் முதன்மைச் சாலையில் ஜெராக்ஸ் கடை நடத்தும் நம் சங்க உறுப்பினர், சென்ற மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



எனக்கு மைக் பிடித்துப் பேசிப் பழக்கம் இல்லை. கல்லாவில் நின்றுகொண்டு "எத்தனை காப்பி சார், முன்னும் பின்னுமா?" என்று கேட்டுத்தான் பழக்கம். செயலாளர் சார்தான் விடவில்லை. "2023 ஆடி மாசம் கடை வாசலில் 'மெஷின்களுடன் கடை விற்பனைக்கு' என்று போர்டு தொங்கியதே, அதை எப்படிக் கழற்றினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். ரிட்டயர் ஆன பிறகு சின்னதாக ஒரு கடை போடலாமா என்று யோசிக்கிறவர்கள் நம்மிடையே நாலைந்து பேர் இருக்கிறார்கள்" என்றார். அதனால் உள்ள கணக்கை உள்ளபடி சொல்கிறேன். சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடை ஆரம்பித்தது 2014-ல். அப்போது பக்கத்தில் இரண்டு பள்ளிக்கூடங்களின் வேலை என்னிடம் வரும். பரீட்சை நேரத்தில் ராத்திரி பதினொரு மணிவரை மெஷின் ஓடும். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. கடை திறந்த பிறகும் பழைய கூட்டம் திரும்பி வரவில்லை. பள்ளிக்கூடங்கள் வாட்ஸப்பில் பாடம் அனுப்பப் பழகிவிட்டன. டிஜிலாக்கர் வந்துவிட்டது, பேங்க் வேலையெல்லாம் போனில் முடிகிறது. 'ஜெராக்ஸ் தொழில் இனி அவ்வளவுதான், காலம் மாறிவிட்டது' என்று முடிவு கட்டினேன். காலத்தின் மேல் பழியைப் போடுவது சுலபம், வாய் திறந்து பதில் சொல்லாது.

அந்தப் பயத்தில் ஒரு பெரிய தப்பு செய்தேன். கறுப்பு வெள்ளையில் வருமானம் போகிறது, கலரில் பிடித்துவிடலாம் என்று தவணையில் ஒரு கலர் மெஷின் எடுத்தேன். மாதம் 6,400 ரூபாய் கட்ட வேண்டும். ஒரு நாளைக்கு இருபது கலர் பிரிண்ட் போனால் பெரிய விஷயம். தவணைக்காக வீட்டுக்காரியின் செயின் அடகுக்குப் போனது. பிறகு வளையலும் போனது. அதன் பிறகுதான் போர்டு தொங்கியது.

கடையைப் பார்க்க ஒருத்தர் வந்தார். "ஒரு காப்பிக்கு உங்களுக்கு என்ன அடக்கம்?" என்று முதல் கேள்வி கேட்டார். "பேப்பர் அரை ரூபாய், ஒரு ரூபாய்க்குப் போடுகிறோம், பாதிக்குப் பாதி லாபம்" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். திரும்பி வரவில்லை. அன்றைக்கு ராத்திரி வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி, "அவர் கேட்டதற்கு நிஜமான பதில் என்ன?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வருஷமாகக் கடை நடத்துகிறேன், எனக்கே தெரியாது.

எல்லா ஜெராக்ஸ் மெஷினிலும் மீட்டர் இருக்கிறது. எத்தனை காப்பி ஓடியது என்று ஒன்று விடாமல் எண்ணும். சர்வீஸ் இன்ஜினியர் வரும்போது மட்டும் அதைப் பார்ப்பார். நான் பார்த்ததே இல்லை. மனைவி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, காலையில் திறக்கும்போதும் ராத்திரி பூட்டும்போதும் மீட்டரை எழுதச் சொன்னாள். பக்கத்தில் அன்றைய ஜெராக்ஸ் காசு. இரண்டு வாரம் எழுதினோம்.

சராசரியாக நாளுக்கு 900 காப்பி ஓடியிருக்கிறது. காசு வந்தது 740-க்கு. 160 காப்பி எங்கே போனது? பாதிக்கு மேல் என் கை வேலை. பேப்பர் மாட்டிக்கொண்டது, கோணலாக விழுந்தது, ஒரு பக்கம் போடச் சொன்னதை இரண்டு பக்கமும் போட்டது. மீதியில் கொஞ்சம், "தம்பி, லேசா இருக்கே, இன்னொண்ணு அழுத்தமா போடுங்க" என்று கேட்டு வாங்கிப்போனது. இங்கே உட்கார்ந்திருக்கும் சிலர் சிரிக்கிறீர்கள், நான் யாரையும் சொல்லவில்லை! அதற்கும் மிச்சம், கடன். ஒரு டியூஷன் சென்டருக்கு "மாசக் கடைசியில் வாங்கிக்கலாம்" என்று சும்மாவே ஓட்டிக்கொண்டிருந்தேன். எழுதியும் வைக்கவில்லை.

அடுத்தது அடக்க விலை. ரீமுக்கு 500 தாள், நான் வாங்கியது 230 ரூபாய்க்கு. அப்படியென்றால் தாளுக்கு 46 காசு. டோனர் 12 காசு. அதற்கப்புறம் நான் கணக்கிலேயே சேர்க்காத செலவு: டிரம், பிளேடு, ஃபியூசர், இன்ஜினியர் கூலி. இந்த மெஷினுக்குள்ளே நடப்பது என்னவென்றால், டிரம் மேல் மின்னேற்றம் ஏற்றி, உங்கள் தாளின் வெளிச்சத்தை அதில் விழவைத்து, எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் டோனர் பொடியை ஒட்டவைத்து, அதைத் தாளுக்கு மாற்றி, கடைசியில் சூட்டில் உருக்கிப் பதிக்கிறது. அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் என்பவர் 1938 அக்டோபர் 22-ம் தேதி இதை முதலில் செய்து காட்டினார். அவர் எடுத்த முதல் காப்பியில் இருந்ததே அந்தத் தேதியும் அஸ்டோரியா என்ற இடத்தின் பெயரும்தான். அதைக் கடைக்கு வைக்கிற மெஷினாக ஜெராக்ஸ் கம்பெனி கொண்டுவர 1959 ஆகிவிட்டது. எனக்கு இதெல்லாம் படிக்கப் பிடிக்கும், மன்னிக்கவும். விஷயம் என்னவென்றால், ஒவ்வொரு காப்பிக்கும் அந்த டிரம்மும் ஃபியூசரும் கொஞ்சம் தேய்கிறது. அதை வகுத்துப் பார்த்தால் 15 காசு. கரண்ட் 5 காசு. மொத்தம் 78 காசு.

900 காப்பிக்கு 702 ரூபாய் செலவு. கைக்கு வந்தது 740. காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பதுவரை நின்று ஜெராக்ஸில் சம்பாதித்தது 38 ரூபாய்! வாடகை மாதம் 8,000, ஒரு நாளுக்கே 250-க்கு மேல் ஆகிறது. லேமினேஷன், ஸ்பைரல், பாஸ்போர்ட் போட்டோ இவற்றில் வந்ததைக் கொண்டுதான் வாடகையும் வீடும் ஓடியிருக்கிறது. கூட்டம் குறைந்ததால் நஷ்டம் என்று நினைத்திருந்தேன். கூட்டம் இரண்டு மடங்கு வந்திருந்தாலும் 38 என்பது 76 ஆகியிருக்கும்.

அந்த நோட்டைப் பார்த்துவிட்டு ராத்திரி வெகு நேரம் தூங்கவில்லை.

மறுநாளே கலர் மெஷினை விற்க ஆள் தேடினேன். வாங்கிய விலைக்கு ரொம்பக் கீழே போனது, அந்த நஷ்டம் நஷ்டம்தான். ஆனால் தவணை நின்றது. இப்போது கல்யாணப் பத்திரிகை மாதிரி வேலை வந்தால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கார்டு எடுத்து, வெளியே பிரஸ்ஸில் அடித்து வாங்கித் தருகிறேன். பேப்பரையும் மாற்றினேன். மலிவு என்று மெல்லிசுப் பேப்பர் வாங்கியதுதான் பாதி மாட்டலுக்குக் காரணம். கரூர் பக்கம் புகளூரில் கரும்புச் சக்கையை வைத்துச் செய்கிறார்களே, அந்த டி.என்.பி.எல். பேப்பருக்கு மாறினேன். ஐப்பசி மழையில் எந்தப் பேப்பரும் ஈரம் இழுக்கும். ரீமைப் பிரித்து வெளியே வைக்காமல் ஒரு அலமாரியில் வைத்து, உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டேன். இவ்வளவுதான் தொழில்நுட்பம். 160 என்பது மூன்று மாதத்தில் 30-க்கு வந்தது.

விலையை ஏற்றியது தான் ரொம்பப் பயமாக இருந்தது. ஒரு பக்கம் 2 ரூபாய், இரு பக்கமும் சேர்த்து 3 ரூபாய், 50-க்கு மேல் போனால் பக்கத்துக்கு 1 ரூபாய் 25 காசு என்று எழுதி ஒட்டினேன். இரண்டு தெரு தள்ளி ஒரு ரூபாய்க்குப் போடுகிறார்கள். டியூஷன் சென்டர் அங்கே போய்விட்டது, பழைய பாக்கியும் அத்தோடு போனது. மீட்டர் 900-லிருந்து 620-க்கு இறங்கியது. ஆனால் ஜெராக்ஸில் நிற்பது நாளுக்கு 500-ஐத் தாண்டியது. காலும் வலிக்கவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் கடை மூடாமல் இருந்திருக்கும், அவ்வளவுதான். உங்களில் பலர் இரண்டு தெரு தாண்டி ஏன் என்னிடம் வருகிறீர்கள் என்பதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அதே வருஷம் கார்த்திகையில் நம் நகரைச் சேர்ந்த ஒரு அம்மா கடைக்கு வந்தார். கையில் சுண்டல் பொட்டலம் கட்டி வந்த காகிதம். எதுவும் பேசாமல் மேஜைமேல் பிரித்து வைத்தார். யாரோ ஒருவரின் ஆதார் காப்பி. பெயர், முகவரி, பன்னிரண்டு எண்ணும் தெளிவாகத் தெரிகிறது. ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு. என் மெஷின் டிரம்மில் இருந்த கீறல் போடுகிற கோடு அது, எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கெட்டுப்போன காப்பிகளை நான் பழைய பேப்பர்க்காரரிடம் கிலோ கணக்கில் போட்டுக்கொண்டிருந்தேன். "இது என்னோடதா இருந்திருந்தா?" என்று கேட்டார் அந்த அம்மா. நான் என்ன பதில் சொல்ல?

அன்றைக்கு மூட்டையாகக் கிடந்த அத்தனை தாளையும் பின்பக்கம் உட்கார்ந்து கிழித்தோம். அதிலிருந்து ஒரு பழக்கம்: கெட்டுப்போன காப்பியையும் உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். வேண்டாம் என்றால் உங்கள் கண் முன்னால் கிழிக்கிறேன். வாட்ஸப்பில் அனுப்பிய ஃபைலை, சாட்டில் அழித்தால் மட்டும் போதாது. கம்ப்யூட்டரில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அது அப்படியே உட்கார்ந்திருக்கும், அங்கேயும் ரீசைக்கிள் பின்னிலும் அழிக்க வேண்டும். ஸ்கிரீனை உங்கள் பக்கம் திருப்பி அழிக்கிறேன். பெரிய மெஷின்களில் ஹார்ட் டிஸ்க்கும் உண்டு, ஓடிய பக்கங்கள் அதில் தங்கலாம். கலர் மெஷினைக் கொடுக்கும் முன் அந்த டிஸ்க்கை அழித்தேனா என்று எனக்குள் ஒரு பயம் வந்தது. நல்லவேளை, வாங்கியவர் அதுவரை மெஷினை ஓட்டவில்லை. இன்ஜினியரை அழைத்துப்போய் அழித்துவிட்டு வந்தேன்.

நீங்களும் செய்ய வேண்டியது உண்டு. ஆதார் கேட்கும் இடத்தில் பல நேரம் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற 'மாஸ்க்' செய்த ஆதார் போதும். அதை ஆதார் இணையதளத்திலேயே இறக்கலாம், தெரியாவிட்டால் கடைக்கு வாருங்கள். காப்பி கொடுக்கும்போது குறுக்கே, எதற்காக, என்றைக்கு என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள். அப்புறம், ஒரிஜினலை மெஷின் கண்ணாடியிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். போன மாதம்கூட ஒரு ரேஷன் கார்டு மூன்று நாள் என்னிடம் இருந்தது.

இதை யாரும் விளம்பரம் செய்யவில்லை. ஆனால் மெல்ல மெல்ல மூலப் பத்திரங்கள் வர ஆரம்பித்தன. பழைய முத்திரைத்தாளெல்லாம் மடிப்பில் உடையும், ஃபீடரில் விட்டால் கிழிந்துவிடும். ஒவ்வொரு பக்கமாகக் கண்ணாடியில் வைத்து எடுக்க வேண்டும். அதற்கு நேரம் ஆகும், அதற்கேற்ற காசை யாரும் மறுப்பதில்லை. உயில், பென்ஷன் பேப்பர், நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ், பிள்ளைகளின் பரீட்சை விண்ணப்பத்துக்குப் போட்டோவையும் கையெழுத்தையும் கேட்கிற அளவுக்குச் சுருக்குவது. ஜனங்களுக்குக் காகிதம் குறைந்திருக்கிறது, காகிதத்தோடு வருகிற குழப்பம் குறையவில்லை.

கடைசியாக வந்த வேலைதான் எனக்குப் பிடித்த வேலை, சின்னப் புத்தகங்கள். சதாபிஷேகத்துக்குத் தாம்பூலப் பையில் போட ஸ்லோகப் புத்தகம் வேண்டும் என்று ஒருவர் 100 பிரதி கேட்டார். ஏ4 தாளை மடித்து நடுவில் பின் அடித்தால் நான்கு பக்கம். 16 பக்கத்துக்கு நான்கு தாள், அட்டை தனி. இப்போது நவராத்திரிக்கு, புதுமனைப் புகுவிழாவுக்கு, ஒரு பாட்டி எழுதிய ஊறுகாய்க் குறிப்பு என்று வருகிறது. பழைய தோத்திரங்களுக்கு உரிமைப் பிரச்சினை இல்லை. அதற்கு ஒருவர் எழுதிய உரை என்றால், எழுதியவர் காலமாகி 60 வருஷம் வரை உரிமை உண்டு, கேட்டுத்தான் போடுவேன். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைமேல் பெரிய பதிப்பகங்கள் 2012-ல் வழக்குப் போட்டன. 2016-ல் தீர்ப்பு கடைக்குச் சாதகமாக வந்தது, அப்பீல் போன பிறகு 2017-ல் பதிப்பகங்களே வாபஸ் வாங்கின. அதைக் காட்டி முழு கைடையும் காப்பி போடச் சொல்கிறார்கள் பிள்ளைகள். அது வகுப்புப் பாடத்துக்காகப் புத்தகங்களின் பகுதிகளைத் தொகுத்த விஷயம். முழுப் புத்தகம் போட மாட்டேன் என்று சொல்லி நாலு பிள்ளைகளிடம் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன்.

இன்றைக்கு நிலைமை என்ன என்று கேட்டால், வளையல் வீட்டுக்கு வந்துவிட்டது. செயின் இன்னும் வரவில்லை. சாயங்காலம் உதவிக்கு ஒரு பெண் வருகிறாள், அவளுக்குச் சம்பளம் மாதம் தவறாமல் கொடுக்க முடிகிறது. நோட்டு இப்போது ஆறாவது நோட்டு. கடை வைக்க நினைக்கிறவர்கள் யாராவது பார்க்க வேண்டும் என்றால் முதல் நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன், கூட்டம் முடிந்ததும் புரட்டிப் பாருங்கள். என் கையெழுத்து மோசம், கூட்டல் எல்லாம் மனைவியுடையது.

ஒரு வேண்டுகோள். நவராத்திரிப் புத்தகத்துக்கு மகாளய அமாவாசைக்குப் பதினைந்து நாள் முன்னால் சொல்லிவிடுங்கள். போன தடவை முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள், விடியவிடிய நானும் மனைவியும் பின் அடித்தோம். சுண்டல் டீ எல்லாம் வந்துவிட்டது என்று பின்னாலிருந்து ஜாடை காட்டுகிறார்கள்.