கையெழுத்துப் போடுமுன் ஆறு மாதம் கட்டிப் பாருங்கள்

(ருவான்வெல்லைப் பகுதியில் தோட்டக் குடும்பங்களுக்காக நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)

போன கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒரு தங்கச்சி கைப்பிள்ளையோடு வந்து கேட்டாங்க. “ஐயா, நாங்க ரெண்டு பேரும் பேர் போடுறோம். வீடு கட்ட 15 வருசக் கடன் எடுத்தா எங்களால கட்டி முடிக்க ஏலுமா?” நான் உடனே பதில் சொல்லவில்லை. அது ஆம், இல்லை என்று நின்ற இடத்தில் சொல்லும் காரியமல்ல. கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். இன்றைக்கு அந்தக் கணக்கை எல்லோருமாகப் போடுவோம்.

லயத்தை விட்டு வெளியே வர வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஒரு காம்பராவும் இஸ்தோப்புமாக மூன்று தலைமுறை வாழ்ந்துவிட்டோம். ஆனால் ஆசை பெரிதாக இருக்கும்போதுதான் கணக்குச் சரியாக இருக்க வேண்டும்.

முதலில் ஒரு விசயம். உதவி வேறு, கடன் வேறு. இந்திய அரசாங்கத்தின் உதவியில் மலையகத்தில் கட்டப்படும் வீடுகள் நன்கொடை. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். பிறகு அந்தத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கான உதவித் தொகை 28 இலட்சம் ரூபாவாகக் கூட்டப்பட்டது. 1992க்குப் பிறகு தோட்டங்களில் வந்த சுயஉதவி வீடுகளோ கடன் வீடுகள். மாதாமாதம் சம்பளத்தில் வெட்டினார்கள். ஆகவே கடன் எடுக்குமுன் உங்கள் பெயர் ஏதாவது வீட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று தோட்டத்து ஆபீசிலும் கிராம சேவகரிடமும் கேளுங்கள். சும்மா கிடைக்கக்கூடியதற்கு வட்டி கட்ட வேண்டாம்.

இனிக் கணக்கு. புருசன், பெண்சாதி, இரண்டு பிள்ளைகள், மாமியார். இப்படி ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். நாட்சம்பளம் 1,550 ரூபா என்று எடுப்போம். 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் 2026 ஜனவரி முதல் என்று அறிவிக்கப்பட்ட தொகை அது. அதோடு சொல்லப்பட்ட 200 ரூபா வருகைக் கொடுப்பனவை நான் சேர்க்கவில்லை. கடன் கணக்கில் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் நம்புங்கள்.

நல்ல மாதத்தில் ஆளுக்கு 24 பேர். இரண்டு பேருக்கும் 74,400 ரூபா. சேமலாப நிதிக்கு 8 வீதம் போனால் 68,448. வீட்டுச் செலவு 40,000 என்றால் மிச்சம் 28,448. “அப்ப தாராளமா எடுக்கலாமே!” என்று தோன்றும்.

பொறுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த மாதம், கொழுந்து குறைந்த மாதம், மழை விடாத மாதம் ஒன்றைப் பார்ப்போம். அவருக்கு 14 பேர், அவங்களுக்கு 17 பேர். மொத்தம் 48,050. சேமலாப நிதி போக 44,206. சாப்பாட்டுச் செலவு குறையாது. ஆக மிச்சம் 4,206 ரூபா. உங்கள் தவணை இந்த மாதத்துக்குள் அடங்க வேண்டும். இந்த மிச்சத்தில்தான் தீபாவளி முற்பணமும் சங்கச் சந்தாவும் வெட்டப்படும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஐந்து இலட்சம் ரூபாவை 12 வீத வட்டியில் 15 வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 6,000 ரூபா. நல்ல மாதத்தில் கட்டலாம், கெட்ட மாதத்தில் முடியாது. அந்த மாதம் என்ன நடக்கும்? வாராவாரம் வாசலுக்கு வந்து வசூலிக்கும் நுண்கடனை எடுப்போம், இல்லாவிட்டால் தோடு அடகுக்குப் போகும். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் வாங்கத் தொடங்கினால் அதற்கு முடிவில்லை.

“அப்ப 20 வருசமாக்கினா தவணை குறையுமே?” என்பார்கள். குறையும். மாதம் 500 ரூபாதான் குறையும். ஆனால் 15 வருடத்தில் மொத்தம் 10 இலட்சத்து 80 ஆயிரம் கட்டுகிற நீங்கள், 20 வருடத்தில் 13 இலட்சத்து 21 ஆயிரம் கட்டுவீர்கள். இன்னொன்று. முதல் மாதத் தவணை 6,000 ரூபாவில் 5,000 வட்டிக்கே போய்விடும். ஐந்து வருடம் தவறாமல் கட்டிய பிறகும் 4 இலட்சத்து 18 ஆயிரம் பாக்கி இருக்கும். இது ஏமாற்று அல்ல, நீண்டகாலக் கடனின் கணக்கு அப்படித்தான்.

வட்டி மாறுமா என்றும் கேளுங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதத்தை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளிகள் கூட்டியது. மாறும் வட்டியில் எடுத்திருந்தவர்களுக்குத் தவணை ஏறியது. உங்கள் 12 வீதம் 18 ஆனால் 6,000 ரூபா 8,000 ஆகும். வட்டி நிலையானதா, எத்தனை வருடத்துக்கு என்று பத்திரத்தில் காட்டச் சொல்லுங்கள். தமிழில் விளங்கப்படுத்தாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சேமலாப நிதியைக் காட்டியும் வீட்டுக் கடன் எடுக்கலாம். உங்கள் மீதியில் 75 வீதம் வரை அதற்குப் பிணையாக வைக்க முடியும். தவணை தவறினால் அந்தப் பணத்திலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். அது கிழவயசுக்குச் சேர்த்த காசு என்பதை மறக்கக் கூடாது.

காணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016 மே 17இல் நமது கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாள் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்தது. 2025 நவம்பர் டிட்வா புயலையும் பார்த்தோம். வீடு போனாலும் கடன் போகாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு இல்லாத இடத்தில் ஒரு கல்லும் வைக்காதீர்கள். உறுதி யார் பெயரில் என்றும் பாருங்கள். புருசன், பெண்சாதி இரண்டு பேர் பெயரும் இருப்பது நல்லது.

சரி, அந்தத் தங்கச்சிக்கு என்ன பதில்? ஐந்து இலட்சம் இப்போது வேண்டாம். மூன்று இலட்சம் என்றால் தவணை 3,600 ரூபா. கெட்ட மாதத்திலும் மூச்சுவிடலாம். அந்தக் காசில் முழு வீடு முடியாது, அது உண்மை. அத்திவாரம் முழு வீட்டுக்கும் போட்டு, ஒரு அறையும் அடுப்படியும் எழுப்பலாம். மண் வெட்டுவதும் கல் சுமப்பதும் நம்ம கையாலேயே ஆகும். மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. கடன் எடுத்தாச்சு என்று நினைத்துக்கொண்டு, மாதம் 3,600 ரூபாவைச் சம்பள நாளிலேயே சேமிப்புப் புத்தகத்தில் போடுங்கள். ஆறு மாதம் தவறாமல் போடுங்கள். அந்த ஆறில் ஒரு தீபாவளியோ, பள்ளிக்கூடம் தொடங்கும் மாதமோ கட்டாயம் இருக்கட்டும். முடிந்தால் 21,600 ரூபா கையில் நிற்கும். வேலை குறைந்த மாதத்துக்கும், வட்டி ஏறினால் அதற்கும் அது முட்டுக்கொடுக்கும். முடியாவிட்டால் போட்ட காசு உங்களுடையதே. வங்கிக்கு ஒரு சதமும் கடமையில்லை.

இன்று ஐந்து வயசுப் பிள்ளைக்கு இந்தக் கடன் முடியும்போது இருபது வயசு. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுத் தவணை கட்ட வேலைக்குப் போகாமல், அந்த வீட்டில் இருந்து படிக்க வேண்டும். ஆகவே இன்றிரவு விளக்கடியில் இரண்டு பேரும் உட்காருங்கள். மாமியாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போன வருடத்துச் சம்பளச் சீட்டுகளை எடுத்து, ஆகக் குறைந்த சம்பளம் வந்த மாதத்தைத் தேடுங்கள். அதிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.