மலையடிவார வீட்டுக்கு ஏற்ற தோட்டம்
(தேவாரம் பகுதி விவசாயக் குடும்பங்களுக்காக ஆற்றிய உரை)



வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசும்போது, என்ன செடி வைக்கலாம் என்பதையே பலரும் முதலில் கேட்கிறீர்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று உண்டு. உங்கள் வீட்டுக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது? வெயில் எங்கே, எவ்வளவு நேரம் விழுகிறது? குளித்த நீரும் கூரை நீரும் எங்கே போகின்றன? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தால் செடிக்கு உரிய இடம் தானே அமையும்.

நான்காவதாக ஒன்றும் உண்டு. நீர் ஊற்ற யாருக்கு நேரம் இருக்கிறது? இப்பகுதிப் பெண்கள் பலர் விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைமேல் ஏலத் தோட்டங்களுக்குச் சென்று, பொழுது சாயும் வேளையில் திரும்புகிறார்கள். நாளுக்கு அரைமணி நேரமும் சில குடம் நீரும் மட்டுமே கேட்கும் தோட்டமே இவ்வீடுகளில் நிலைக்கும். அதற்கு மேல் கேட்கும் தோட்டம் சித்திரையில் காய்ந்து போகும். அத்துடன், வாரத்தில் நான்கு நாள் கிடைக்க வேண்டிய கீரையும் காயும் மீண்டும் கடைப் பொருளாகிவிடும்.

மலையின் முறை

மலையில் செழிக்கும் ஏலமும் மிளகும் நம் வீட்டில் வளருமா என்று கேட்பவர்கள் உண்டு. ஏலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 600 முதல் 1,200 மீட்டர் உயரத்தில், நல்ல மழையும் ஈரக் காற்றும் மர நிழலும் உள்ள இடத்துக்கு உரிய பயிர். தென்மேற்குப் பருவ மழையை மலை தடுத்துக் கொள்வதால், அந்தப் பக்கம் மழை கொட்டும் மாதங்களில் நமக்குக் காற்றே மிகுதி. கேரளக் கரையிலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் தென்னை, பலா, வாழை, மிளகு என்று அடுக்கடுக்காக வளரும் வீட்டுத் தோட்டத்தையும் அப்படியே இங்கே பெயர்த்து வைக்க இயலாது. அங்கே இரு பருவத்திலும் மழை உண்டு. நாம் பெரிதும் நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையை.

ஆகவே மலையிலிருந்து செடியைக் கொண்டுவர வேண்டாம். முறையைக் கொண்டு வாருங்கள். மேலே நிழல் மரம், நடுவே பயிர், அடியில் சருகு மூடாக்கு, மழைக்கு முன் நிழல் கழிப்பு. இவற்றைப் பாடம் நடத்தித் தெரிந்து கொள்ள வேண்டியதில்லை. ஏலத் தோட்டத்தில் வேலை செய்பவர்களின் கைகளுக்கே இது பழக்கம்.

மேற்குப் பக்கம்

4 சென்ட் மனை ஒன்றை எடுத்துக் கொள்வோம். ஏறக்குறைய 1,740 சதுர அடி. வீடும் திண்ணையும் 700 சதுர அடி போனாலும் 1,000 சதுர அடி மிஞ்சும். முழுவதையும் சிமெண்ட் தளமாக்கி விடாதீர்கள். தளம் பகலில் சூடேறி இரவிலும் வெப்பத்தை வீட்டுக்குள் தள்ளும். மழை நீரையும் மண்ணுக்குள் விடாது. நடைபாதைக்கு மட்டும் கல் பரப்பினால் போதும்.

வைகாசிக் கடைசி முதல் ஆவணி வரை மலைப் பக்கமிருந்து வீசும் காற்றே நம் தோட்டத்தின் முதல் எதிரி. என் வீட்டிலேயே முதலில் தென்மேற்கு மூலையில் பப்பாளி வைத்தேன். காய் பிடித்த மரம் ஆடிக் காற்றில் ஒரே இரவில் சாய்ந்தது. குற்றம் மரத்தினுடையது அல்ல, இடம் பார்க்காத என்னுடையது.

மேற்கு எல்லையில் உயிர்வேலி அமையுங்கள். கிளுவை, ஆடாதொடை, மருதாணி ஆகியவை குறைந்த நீரில் வளரும். சுவர் காற்றை மேலே தூக்கி, உள்ளே சுழன்று இறங்கச் செய்யும். இலைவேலியோ காற்றைச் சல்லடைபோல் வடித்து அனுப்பும். இடம் இருந்தால் வேம்பு அல்லது புங்கம் ஒன்று, சுவரிலிருந்து குறைந்தது 15 அடி தள்ளி நடலாம். வாழை, பப்பாளி, முருங்கை ஆகிய மூன்றையும் இந்தப் பக்கம் நட வேண்டாம்.

கிழக்குப் பக்கம்

வீட்டின் கிழக்கே காலை வெயில் நன்றாக விழும். பிற்பகலில் வீட்டின் நிழலே செடிக்குக் குடை பிடிக்கும். சித்திரை வெயிலில் கீரையும் காயும் தாங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. 3 அடி அகலம், 10 அடி நீளமுள்ள பாத்திகள் நான்கு போதும். 3 அடி அகலமானால் இரு பக்கமும் நின்றே களை எடுக்கலாம், பாத்தியை மிதிக்க வேண்டாம். நீர் குறைந்த நம் பகுதிக்கு மேட்டுப் பாத்தியைவிட, தரையைச் சற்றுத் தாழ்த்திய குழிப் பாத்தி ஏற்றது. ஐப்பசி மழையில் மட்டும் ஓர் ஓரத்தை வெட்டி, தேங்கும் நீரை வெளியேற்றுங்கள்.

இத்தகைய பாத்தி ஒன்றுக்கு வெயில் நாளில் சுமார் 14 லிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு குடம் நீர் தேவை. நான்கு பாத்திக்கு நான்கு குடம். சருகோ வைக்கோலோ இரண்டு விரற்கடை கனத்தில் பரப்பினால் இத்தேவை இன்னும் குறையும். ஒரு பாத்தியில் கீரை, ஒன்றில் தக்காளி, ஒன்றில் கத்தரி, ஒன்றில் வெண்டை என வைத்து, பருவந்தோறும் இடம் மாற்றுங்கள். கீரையை ஒரே நாளில் விதைக்காமல், பத்து நாளுக்கு ஒருமுறை கால் பாத்தியாக விதைத்தால் தொடர்ந்து கிடைக்கும்.

ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொன்னார்கள் நம் முன்னோர். அவரையை ஆடியில் ஊன்றுங்கள். பந்தற்காலை மட்டும் காற்று ஓய்ந்த பின், ஆவணிக் கடைசியில் நடுங்கள். வாசலில் பந்தல் படர்ந்தால் வீட்டுக்கு நிழலும் ஆகும்.

வடகிழக்கு மூலையில் ஒரு முருங்கை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி ஆராய்ச்சி நிலையம் தந்த பி.கே.எம்.1 செடி முருங்கை, விதைத்த ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். 75 செ.மீ. உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வரும். காய்ப்பு முடிந்ததும் சுமார் 3 அடி விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். தாழ்வாக வளர்ப்பதால் காற்றுக்கும் ஒடியாது. அருகில் ஒரு கறிவேப்பிலையும், இடம் இருந்தால் பி.கே.எம்.1 எலுமிச்சையும் வையுங்கள்.

நீர் எங்கே போகிறது?

ஐவர் உள்ள வீட்டில் ஆளுக்கு 15 லிட்டரில் குளித்தாலும் நாளொன்றுக்கு 75 லிட்டர் நீர் தெருவில் ஓடுகிறது. குளியலறை நீரைச் சிறு வாய்க்கால் வழியே விட்டு, முதலில் கல்வாழையும் சேம்பும், அவற்றை அடுத்து இரண்டு வாழையும் நடுங்கள். நீர் தேங்கிக் கொசு வளராதபடி வாய்க்காலுக்குச் சரிவு கொடுங்கள். இந்நீரைக் கீரைப் பாத்திக்கு மட்டும் விட வேண்டாம்.

20 அடிக்கு 25 அடி உள்ள கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 1,180 லிட்டர் நீர் விழுகிறது. சிந்தியது போக 900 லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கலாம். 2003ஆம் ஆண்டில் தமிழகத்தில் கட்டிடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அப்போது வைத்த குழாய்கள் பல வீடுகளில் அடைபட்டுக் கிடக்கின்றன. புரட்டாசியில் அவற்றைச் சுத்தம் செய்யுங்கள்.

தாய்மார்கள் கவனத்திற்கு

ஏலத் தோட்டத்தில் பூச்சிமருந்து வந்த டப்பாக்களையும் கேன்களையும் வீட்டுக்குக் கொண்டு வந்து, நீர் பிடிக்கவோ செடி வைக்கவோ பயன்படுத்தாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அவை பாதுகாப்பானவை அல்ல. மருந்து தெளித்த நாளில் அணிந்த துணியைத் தனியே துவையுங்கள். அந்த நீர் தோட்டத்தின் எந்தப் பகுதிக்கும் போகக் கூடாது. கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் அருகிலும் கொட்டக் கூடாது. குழந்தைக்கு இரும்புச் சத்து வேண்டும் என்று வளர்க்கும் கீரையில் நஞ்சைச் சேர்ப்பதற்கு ஒப்பாகும் அது.

மலையை ஒட்டிய கடைசி வீடுகளில் இருப்பவர்கள் வாழையையும் பலாவையும் குறைத்துக் கொள்வது நலம். பழ வாசனை யானையையும் பன்றியையும் அழைக்கும். வேலியில் மின்சாரத்தை நேரடியாக இணைப்பது குற்றம். அதில் சிக்குவது உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

ஆண்டு முழுவதும்

வைகாசியில் மரக்கிளைகளைக் கழியுங்கள். மலையில் மழைக்கால வெளிச்சத்துக்காகக் கழிக்கிறோம், இங்கே காற்றுக்குத் தப்புவதற்காக. கழித்த இலையெல்லாம் பாத்திக்கு மூடாக்கு. ஆடியில் அவரை, புரட்டாசியில் குழி எடுத்து மக்கிய எரு இடுதல், ஐப்பசியில் மரக்கன்று நடவு. கார்த்திகை மழையில் வேர் பிடித்த கன்று சித்திரையைத் தாங்கும்.

பெருமக்களே! இன்று வீடு சென்றதும் ஒரு தாளில் உங்கள் மனையை வரையுங்கள். காற்று வரும் பக்கம், வெயில் விழும் இடம், நீர் ஓடும் வழி ஆகிய மூன்றையும் குறியுங்கள். இந்த ஆண்டு ஒரு பாத்தியும் ஒரு வாய்க்காலும் மட்டும் அமைத்தால் போதும். மலையிலிருந்து களைத்து இறங்கி வரும் தாய்க்கு வாசலிலேயே ஒரு பிடி கீரை காத்திருக்கட்டும்.