பழைய ஜீப் கற்றுத் தந்த பாடம்

(கீழ்பென்னாத்தூரில் நடைபெற்ற மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



இன்று நான் பிரசங்கம் செய்ய எழுந்து நிற்கவில்லை. நம் மருத்துவமனை ஜீப்பைப் பற்றிச் சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். செமினரியில் எனக்குக் கிரேக்கு கற்றுக்கொடுத்தார்கள், எபிரெயு கற்றுக்கொடுத்தார்கள். டீசல் குழாயில் காற்றுப் புகுந்தால் அதை எப்படி வெளியே எடுப்பது என்று கற்றுக்கொடுக்கவில்லை. அதை நான் நம் ஓட்டுநரிடத்தில்தான் கற்றேன். ஆகையால் இன்று நீங்கள் கேட்கப்போவது அவருடைய பாடம். பிழை ஏதும் இருந்தால் அது என்னுடையது.

முதலாவது, ஒரு தவறை உங்கள் முன் அறிக்கையிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம். நாலு நாள் விடாத மழை. பக்கத்து ஏரி ஒன்று நிரம்பிக் கோடி போய், அதற்கு அப்பால் இருக்கும் சிறு கிராமத்துக்குச் செல்லும் மண்பாதை முழுவதும் சேறாகிவிட்டது. இரவு ஒன்பது மணிக்கு அங்கே ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. 108 வண்டி தார்ச்சாலை முடியும் இடம் வரைக்கும் வந்து நின்றது. அதற்கு மேல் அந்த வேன் இறங்கினால் திரும்பாது. "உங்க ஆஸ்பத்திரியில நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் இருக்குதே ஐயா, அதைக் கொண்டுவாங்க" என்று ஊரார் எனக்குப் போன் செய்தார்கள். ஓட்டுநரும் ஒரு நர்ஸ் அம்மாவும் நானும் புறப்பட்டோம்.

பாதி வழியில் ஜீப் புதைந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் சுற்றிச் சுற்றித் தங்களுக்குத் தாங்களே குழி தோண்டின. ஓட்டுநர் ஃபோர் வீல் கியர் லீவரை இழுத்தார். அது அசையவில்லை. இரண்டு கைகளாலும் இழுத்தார். அப்போதும் அசையவில்லை. முடிவில் ஊர்ப் பிள்ளைகள் எட்டுப் பேர் அந்த அம்மாளைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு, முழங்கால் சேற்றில் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத தூரம் நடந்து 108 வண்டிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சற்று நேரத்தில் வண்டியிலேயே குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் அதில் நம் ஜீப்புக்கு ஒரு பங்கும் இல்லை.

மறுநாள் காலையில் டிராக்டர் வைத்து ஜீப்பை இழுத்தோம். அப்போது நம் ஓட்டுநர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, அந்த கியரைப் போட்டே ரெண்டு வருஷம் ஆச்சு. ஆயில் மாத்தணும், லீவரைக் கழட்டிச் சுத்தம் பண்ணணும்னு நான் ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். 'அடுத்த மாதம் பார்க்கலாம்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்கதான்."

உண்மைதான். வாகனச் செலவுக் கணக்கு அப்போது என் பொறுப்பில் இருந்தது. செலவைக் குறைத்தோம் என்று கமிட்டியில் நான் நல்ல பெயரும் வாங்கியிருந்தேன்.

அன்றிலிருந்துதான் இந்த வண்டியைப் படிக்கத் தொடங்கினேன். மஹிந்திரா நிறுவனம் முதலில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. நம்முடையது அதற்குப் பிந்தின தலைமுறை, 2112 சி.சி. பெஜோ டீசல் இன்ஜின் பொருத்தியது. இந்த பெஜோ என்ற பெயர் நம் பக்கத்து மருத்துவ ஊழியத்துக்குப் புதிதல்ல. வேலூரில் 1900-ல் ஒரே படுக்கையோடு மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாருக்கு 1909-ல் ஒரு சிறிய பெஜோ கார் கிடைத்தது. அதில்தான் அவர் குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் போய், சாலையோர மரத்தடிகளில் நோயாளிகளைப் பார்த்தார். மருத்துவமனைக்கு வர முடியாதவர்களிடத்துக்கு மருத்துவமனை போகவேண்டும் என்றால் சக்கரம் வேண்டும். அந்தச் சக்கரம் தேவையான நாளில் சுற்றவும் வேண்டும்.

இப்போது நம் ஓட்டுநரின் பாடத்துக்கு வருகிறேன். உங்களில் பலர் வீட்டில் பழைய டீசல் வண்டி இருக்கும். உங்களுக்கும் இது உதவும்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், உடனே சாமான்களைக் கழற்றி மாற்றாதீர்கள். நம் டாக்டர்கள் காய்ச்சல் என்று வந்தவருக்குப் பார்த்த மாத்திரத்தில் ஊசி போடுவதில்லை, சோதித்துப் பார்க்கிறார்கள். வண்டிக்கும் அப்படியே. சாவியைத் திருப்பும்போது இன்ஜின் சோம்பலாகச் சுற்றினால், கோளாறு பேட்டரியிலோ அதன் முனைகளிலோ இருக்கலாம். முனையில் வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்திருக்கும் பொடியை வெந்நீர் விட்டுச் சுத்தம் செய்து, இறுக்கிக் கட்டுங்கள். இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டையையும் பாருங்கள். பல நேரங்களில் புது பேட்டரிக்கு அவசியமே இராது.

இன்ஜின் வேகமாகச் சுற்றியும் சைலன்சரில் புகையே இல்லை என்றால், டீசல் போய்ச் சேரவில்லை. ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது குழாயில் காற்றுப் பிடித்திருக்கும். ஃபில்டரின் மேல் உள்ள திருகைச் சற்றே தளர்த்தி, கைப்பம்பை அழுத்துங்கள். முதலில் நுரையாக வரும். குமிழி இல்லாமல் சுத்தமான டீசல் வழியும்போது, அழுத்தியபடியே திருகை முடுக்குங்கள்.

வெள்ளைப் புகை வருகிறது, ஆனாலும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால், டீசல் போகிறது, சூடு போதவில்லை என்று பொருள். ஹீட்டர் பிளக்குகளைச் சோதியுங்கள். பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையை பிளக்கின் தலையிலும் வையுங்கள். பல்பு எரிந்தால் அந்த பிளக்கின் கம்பி அறுந்துபோகவில்லை. எரியாத பிளக்கை மட்டும் மாற்றினால் போதும்.

ஓடும்போது வரும் புகையும் பேசும். கரும்புகை கக்கினால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். நம் மண்பாதைகளில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பாக இருப்பது இயல்பு. ஆனால் அது மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அதற்குமேல் ஒரு அடியும் ஓட்டாதீர்கள்.

ரேடியேட்டருக்கு நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவது பழக்கமாகிவிட்டது. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாய்ப் படிகிறதே, அதே உப்பு ரேடியேட்டர் குழாய்களிலும் படிந்து அடைக்கும். சுத்திகரித்த தண்ணீரோடு கூலன்ட் கலந்துதான் ஊற்றவேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக்கூடாது. அப்படித் திறந்து முகம் வெந்தவர்களை நான் நம் வார்டில் பார்த்து ஜெபித்திருக்கிறேன்.

இன்னொன்று நம் பக்கத்துக்கே உரியது. அறுவடைக் காலத்தில் சாலையில் கேழ்வரகுக் கதிரும் கொள்ளுச் செடியும் உலர்த்துகிறார்கள். அதன்மேல் ஓட்டினால் தட்டை புரொப்பல்லர் ஷாஃப்டில் கயிறுபோலச் சுற்றிக்கொள்ளும். சூடான சைலன்சர் பட்டால் தீப்பிடிக்கும். தாண்டியவுடன் ஓரமாய் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கீழே குனிந்து பார்த்து அறுத்தெடுங்கள்.

இனி ஃபோர் வீல் கியர். இதைப் பற்றித்தான் எனக்கு அதிக அறியாமை இருந்தது. தார்ச்சாலையில் இதைப் போடக்கூடாது. வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் ஓடும் தூரம் ஒன்று, பின்சக்கரங்கள் ஓடும் தூரம் வேறு. பழைய ஜீப்பில் இந்த கியர் முன்னையும் பின்னையும் ஒன்றாய்ப் பூட்டிவிடுகிறது. சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க வழியில்லை; டயர் தேயும், ஜாயிண்ட் முறியும். ஆகையால் நான்கு டயரும் ஒரே அளவாய், ஏறக்குறைய ஒரே தேய்மானமாய் இருக்கவேண்டும். சில ஜீப்புகளில் முன்சக்கரத்தின் நடுவிலே கையால் திருப்பிப் பூட்டும் ஹப் இருக்கும். அதைப் பூட்டாமல் உள்ளே லீவரை மட்டும் போட்டால் முன்சக்கரம் இழுக்காது.

தார்ச்சாலையில் போடக்கூடாது என்று சொன்னார்களே என்று நாங்கள் எங்கேயும் போடாமல் விட்டோம். அதுதான் தவறு. மாதம் ஒருமுறை மண்பாதையில் நேராக இரண்டு மூன்று கிலோமீட்டர் ஃபோர் வீல் கியரில் ஓட்டவேண்டும். அப்போதுதான் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் முன் ஹவுசிங்கிலும் ஆயில் எல்லா இடத்துக்கும் ஏறும், லீவரும் இறுகாது.

புதைவதற்கு முன்பே கியரைப் போடுங்கள். புதைந்தபின் ஆக்சிலேட்டரை மிதிப்பதில் பயனில்லை. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, சக்கரத்துக்கு முன் பனைமட்டையோ கல்லோ போட்டு, லோ கியரில் மெதுவாக ஏறுங்கள். தார்ச்சாலைக்கு வந்தவுடன் காற்றை நிரப்பிவிடுங்கள். ஆழத் தண்ணீரில் இறங்கி வந்தால் மறுநாள் கிரவுன் ஆயிலைச் சோதியுங்கள், வெளுத்திருந்தால் மாற்றுங்கள்.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் மலைக்கு முகாமுக்குப் போகிறோம். ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்பது நம் ஓட்டுநரின் சட்டம். பிரேக்கையே நம்பி இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுகிறோம்.

இப்போது சனிக்கிழமைதோறும் அரைமணி நேரம் ஜீப்புக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். ஆயில், தண்ணீர், பெல்ட், பேட்டரி, டயர், ஸ்பிரிங் பட்டையின் யூ போல்ட், ஜாயிண்டுகளுக்குக் கிரீஸ். ஒரு நாற்பது பக்க நோட்டில் ஓட்டுநர் எழுதுகிறார், நான் கையெழுத்துப் போடுகிறேன். 'அடுத்த மாதம்' என்று எழுத அந்த நோட்டில் இடம் விடவில்லை.

சிலர் கேட்கிறீர்கள்: "108 வந்துவிட்டதே, இந்தப் பழைய வண்டி எதற்கு?" தமிழ்நாட்டில் 2008-ல் தொடங்கிய அந்தச் சேவை எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. அதற்குரிய கருவிகள் நம் ஜீப்பில் இல்லை. தார் முடியும் இடத்திலிருந்து கட்டில் வரைக்கும் உள்ள தூரம்தான் நம் ஜீப்பின் ஊழியம். எந்நாளும் இதையே வைத்திருப்போம் என்றும் சொல்லவில்லை. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்குத் தகுதிச் சோதனை செய்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவேண்டும். சேஸிஸ் துருப்பிடித்துவிட்டால், பிரேக்கை நம்ப முடியாமல் போனால், அன்றைக்கு இதை நிறுத்திவிடுவோம். நோயாளியை வைத்து வண்டியைச் சோதித்துப் பார்க்கக்கூடாது.

அன்பானவர்களே, புது வண்டி வாங்கக் காணிக்கை கேட்டபோது நீங்கள் தாராளமாய்க் கொடுத்திருக்கிறீர்கள். கொடுத்தவர் பெயரைக் கதவில் எழுதுகிறோம், ஜெபித்துச் சாவி கொடுக்கிறோம், படம் எடுக்கிறோம். கிரீஸ் டப்பாவிலும் ஆயில் ஃபில்டரிலும் யார் பெயரையும் எழுத முடியாது. ஆகையால் அதற்கென்று கேட்க எங்களுக்கும் கூச்சம், கொடுக்க உங்களுக்கும் தோன்றுவதில்லை. இன்று கூச்சத்தை விட்டுக் கேட்கிறேன். நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு சிறு பங்கை 'வாகனப் பராமரிப்பு' என்று குறித்து அனுப்புங்கள். வரவையும் செலவையும் அந்த நோட்டிலே யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். மணவாளன் வரும் இரவில் எண்ணெய் வாங்க ஓடினவர்களின் கதை நாம் எல்லாரும் அறிந்ததே. நானும் அவர்களில் ஒருவனாயிருந்தேன்.

லீவரைச் சரிசெய்தபின் வந்த மழைக்காலத்தில் அதே பாதையில் ஒரு முதியவரை அழைத்துவரப் போனோம். அதே இடத்தில் சேறு. ஓட்டுநர் முன்னதாகவே நிறுத்தி, லீவரைப் போட்டார். டக்கென்று விழுந்தது. ஜீப் மெதுவாக அந்தப் பக்கம் ஏறிற்று. அன்று கட்டிலில் பிறக்காமல் வண்டியில் பிறந்த அந்தச் சிறு பெண், தாயின் இடுப்பில் இருந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நம் ஓட்டுநருக்காகவும், இரவில் சேற்றுப் பாதையில் போகிற நர்ஸ் அம்மாமார்களுக்காகவும் உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.